அ. சுஷ்மிதா, 512 ஜி.பி.

என் நாத்தனார் புருஷன் தமிழ்வாணனை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறேன் என்று யாரும் குறைப்பட வேண்டாம். ஒருதலைப்பட்சமாகத்தான் பேசப்போகிறேன்.

அவருக்குக் கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை, வீடு நெம்மேலியில். நாங்கள் இருப்பது திருவிடந்தை. பைக்கை எடுத்தால் பத்து நிமிஷத்தில் வந்துவிடலாம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிட வந்துவிடுவார். வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளை. வஞ்சிரத்தின் நடுத்துண்டு அவருக்கு என்று என் மாமியார் ஞானம்பாள் தனியாக எடுத்து வைப்பார். டி.வி. ரிப்பேர் என்றாலும் அவரைத்தான் கேட்பார்கள், ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது என்றாலும் அவரைத்தான் கேட்பார்கள். அவரும் எதையும் தெரியாது என்று சொன்னதே கிடையாது.

எனக்குக் கல்யாணம் ஆனது ஆவணியில். ஐப்பசியில் தலைதீபாவளி. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவார்கள். என் வீட்டுக்காரர் கலையரசன், மோதிரமெல்லாம் வேண்டாம், சுஷ்மி வேலை செய்ய ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று என் அப்பாவிடம் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த உருப்படியான பேச்சில் அது ஒன்று. மற்றதை இனிமேல்தான் தேட வேண்டும்.

நான் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறேன். மாமல்லபுரத்தில் ஜெரோம் என்ற போட்டோகிராபர் எனக்கு வேலை கொடுப்பவர். ஒரு கல்யாணத்துக்கு அவர் அனுப்பும் படங்கள் மட்டும் தொண்ணூறு, நூறு ஜி.பி. வரும். அதைப் போட்டு எடுக்க நல்ல எஸ்.எஸ்.டி. வேண்டும். சாலிட் ஸ்டேட் டிரைவ், கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் உள்ளங்கையளவு பாகம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் செய்தால் ஆல்பம் முடிவதற்குள் அந்த ஜோடிக்குக் குழந்தை பிறந்துவிடும்.

என் அப்பா அப்பாசாமிக்கு வேடந்தாங்கல் பக்கத்தில் கொஞ்சம் நிலம், சரக்கு ஏற்ற ஒரு குட்டியானை வண்டி. "இருக்கறதுலயே ஒசத்தியா வாங்கிட்லாம்மா" என்றார். நான் விடவில்லை. விலை குறைந்தது வேறு, மட்டமானது வேறு. இரண்டு வாரம் உட்கார்ந்து படித்து, விலை குறைந்ததில் யோக்கியமான 512 ஜி.பி. ஒன்றைப் பிடித்தேன். மாடல் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அப்பா செங்கல்பட்டுக்குப் போய் அதையே வாங்கி, அங்கேயே எல்லாவற்றையும் பொருத்தி, சி.பி.யு.வைக் குட்டியானையில் ஏற்றி, மேலே வைக்கோல் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தார்.

அப்பாவைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பேர் வெட்டாத பொருளை அவர் வீட்டுக்குள் விடமாட்டார். டார்ச் லைட்டிலும் ஸ்பேனரிலும்கூட அவர் பேர் இருக்கும். என் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்கினபோது எல்லாவற்றிலும் 'அ. சுஷ்மிதா' என்று வெட்டச் சொல்லியிருந்தார். என் மாமியாருக்கு அது தெரிந்து, ஆள் அனுப்பி நிறுத்தினார். "எங்க வூட்டுக்கு வர்ற பாத்திரத்துல எம்புள்ள எழுத்துதான் இருக்கணும். அனா எதுக்கு? கானா போடச் சொல்லு." குடம், குண்டான், தட்டு, தூக்கு என்று அத்தனையிலும் அப்பா 'க. சுஷ்மிதா' என்று வெட்டி அனுப்பினார். அன்றைக்கு அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

தீபாவளி அன்று அப்பா வீட்டில் எல்லாரும் டி.வி. பார்த்துக்கொண்டிருக்க, நான் எஸ்.எஸ்.டி.யைச் சோதித்துக்கொண்டிருந்தேன். மட்டமான எஸ்.எஸ்.டி. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி. முதல் பத்து நிமிஷம் குழைவாகப் பேசும், சொன்னதற்கெல்லாம் தலையாட்டும். அதனால் கொஞ்சம் போட்டுப் பார்த்து மெச்சிக்கொள்ளக் கூடாது. முழுசாக நிரப்பிப் பார்க்க வேண்டும், நிரப்பினதைத் திரும்பப் படித்தும் பார்க்க வேண்டும். நான் நிரப்பினேன். பாதி வரைக்கும் வேகம் நொடிக்கு நானூறு எம்.பி.க்கு மேல். பாதிக்கு மேல் நூற்றைம்பதுக்கு இறங்கியது. அதற்குக் கீழே கடைசிவரை இறங்கவில்லை. போட்டது அப்படியே திரும்ப வந்தது. திரையை மாடல் பேரோடு போனில் படமெடுத்து வைத்துக்கொண்டேன். பெட்டியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. புதுப்பொருள், எதற்குத் திறக்க வேண்டும்?

சி.பி.யு. திருவிடந்தைக்கு வந்த அன்றே தமிழ்வாணன் வந்தார். பட்டனைத் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

"விண்டோஸ் ஒரிஜினல் இல்லம்மா இது. நான் கடைக்கு எடுத்துனு போயி நீட்டா போட்டுத் தரேன். ரெண்டே நாளு."

எனக்குக் கொடுக்க மனசில்லை. ஆனால் வந்து மூன்று மாதம்கூட ஆகாத மருமகள், வீட்டு மாப்பிள்ளையிடம் முடியாது என்று சொல்ல முடியுமா? சொல்லியிருக்க வேண்டும். இப்போது நினைத்தாலும் என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

சொன்னபடி இரண்டு நாளில் பெட்டி திரும்பி வந்தது. ஜெரோம் கொடுத்த கல்யாணப் படங்களை ஏற்றினேன். முதல் பத்து ஜி.பி. பறந்தது. அப்புறம் படுத்துக்கொண்டது. அறுபது, நாற்பது, இருபத்திரண்டு. சாயந்திரம் ஐந்து மணிக்கு ஏற்ற ஆரம்பித்தது விளக்கு வைத்த பிறகும் ஏறிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தால் தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளையின் தலை இருக்கிறது, பெண் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பட்டை. நல்லவேளையாக ஜெரோமிடம் இன்னொரு பிரதி இருந்தது. "இன்னாம்மா, புது மெஷின்னு சொன்ன?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கலையரசனிடம் சொன்னேன். அவர் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். தமிழ்வாணன் மாமாவுக்குப் போன் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்வாணன் நாத்தனார் சுஜாதாவோடு வந்து, கூடத்தின் நடுவே சி.பி.யு.வை வைத்து, எல்லாரையும் சுற்றி உட்கார வைத்து சோதனை நடத்தினார். கூத்துதான். திரையில் எண் ஏறும்போது விரலை மேலே காட்டினார், இறங்கும்போது கீழே காட்டினார்.

"பாத்தியா மச்சான்? நானூத்தி எம்பதுல கெளம்பிச்சி. இப்ப இன்னா? இருவது. பேர்லதான் சாலிட்டு, உள்ள ஒண்ணியும் இல்ல. அட்டு சரக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, மாமியார் காதில் விழும்படியாகவே, "வயசான மனுசன், பாவம். எவனோ தலையில கட்டிட்டான். இல்ல, இவரே இது போதும்னு வாங்கினாரோ, யாருக்குத் தெரியும்" என்றார்.

நான் போனை எடுத்து நீட்டினேன். "அண்ணா, தீவாளி அன்னிக்கு நான் டெஸ்ட் பண்ணது. வேற மாடல் காட்டுது பாருங்க. நூத்தம்பதுக்குக் கீழ எறங்கவே இல்ல."

"டுபாக்கூர் சரக்கு பேரையே மாத்திக் காட்டும்மா. பார்மேட் பண்ண அப்பறம்தான் மூஞ்சி தெரியும். இந்தத் தொழில்ல பதினெட்டு வருசமா கீறேன்."

மாடல் பேரை மாற்றிக் காட்டும் திருட்டுச் சரக்கு உண்டுதான். பொய்யில் கொஞ்சம் நிஜத்தைக் கலந்து விற்பதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். என் போனை யாரும் கையில்கூட வாங்கவில்லை.

"மோதிரம் போட்டிருந்தாலாவது ஒரசிப் பாத்து வாங்கியிருப்போம். வர்ற ஞாயித்துக்கெழம உங்கப்பாவ வரச்சொல்லு. இந்த டப்பாவ எடுத்துக்கினு நல்லதா ஒண்ணு வாங்கியாரட்டும்" என்றார் மாமியார்.

அப்போதுதான் சுஜாதா சும்மா இருக்காமல் சொன்னாள்: "எங்க வூட்டு கம்ப்யூட்டரு தீவாளிக்கு அப்பறம் இன்னா ஸ்பீடுன்ற! தட்னா தொறக்குது. இவரு ஏதோ புதுசா மாட்டியிருக்காரு."

"நீ போயி கொழம்பப் பாரு" என்றார் தமிழ்வாணன்.

எனக்குப் புரிந்துவிட்டது. என் எஸ்.எஸ்.டி. நெம்மேலியில் ஓடிக்கொண்டிருந்தது. அறைக்குள் போய்க் கலையரசனிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "யார சொல்றன்னு தெரிஞ்சிதான் பேசுறியா? அது எங்க அக்கா வாழ்க்க. ஆதாரம் கீதா ஒங்கிட்ட? வாய மூடினு இரு" என்றார். ஆதாரம் இல்லை. நெம்மேலி வீட்டுக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டு என்று நான் சொன்னால், அதற்குப் பிறகு இந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்காது. சொல்லாவிட்டால் என் அப்பா ஊரைவிட்டு வந்து, இந்தக் கூடத்தில் தலைகுனிந்து நின்று, செய்யாத தப்புக்கு இன்னொரு எஸ்.எஸ்.டி. வாங்கித் தர வேண்டும். பெண்ணுக்கு மட்டமான பொருளைத் தள்ளிவிட்ட அப்பன் என்ற பேர் அவர் சாகிறவரை இந்த வீட்டில் நிற்கும். அந்த வாரம் முழுக்க நான் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். அதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மறு ஞாயிறு முகூர்த்த நாள். கல்யாணம் ஆக வேண்டும் என்று மாலை வாங்கி எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலைச் சுற்ற வருகிறவர்களின் கார்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. அப்பா மெயின் ரோட்டிலேயே குட்டியானையை நிறுத்திவிட்டு, ஒரு தார் வாழைப்பழத்தைத் தோளில் வைத்து நடந்து வந்தார். பழத்தை வாங்கி வைக்க யாரும் எழவில்லை. நான்தான் வாங்கி வைத்தேன். உட்காருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

தமிழ்வாணன் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார். மேஜைமேல் அதை அப்பா பக்கமாகத் தள்ளினார்.

"இந்தாங்க, உங்க சீரு."

அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தார். முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை தடவினார்.

"இது நான் வாங்கினது இல்லீங்க, தம்பி."

"எப்பிடி சொல்றீங்க? படிச்சிப் பாத்து வாங்கினீங்களா?"

"படிக்கத் தெரியாதுங்க. ஆனா இதுல பேரு இல்ல. நான் பேரு வெட்டித்தான் மாட்டச் சொன்னேன். கடைக்கு எதிர்லயே பாத்தரக்கட."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் வந்தது அப்பாமேல் கோபம்.

"அப்பா! எஸ்.எஸ்.டி.யில போயா மெஷின வெச்சி வெட்டுவாங்க? உள்ள பட்டிருந்தா இன்னா ஆவறது?"

"மேல் தகடுதானம்மா. உள்ள படாமதான் வெட்னான். உங்கிட்ட சொன்னா கத்துவன்னுதான் சொல்லல."

வீடே சிரித்தது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கலையரசன்கூடச் சிரித்தார், அதை நான் குறித்து வைத்திருக்கிறேன். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் தமிழ்வாணன். தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது.

"குண்டான்னு நெனச்சிட்டாரு மச்சான்! கம்ப்யூட்டர் பார்ட்ஸ்ல பேரு வெட்ன மொதோ ஆளு உங்க மாமனாருதான். அதுலயும் பாரு, கட்டிக்குடுத்த பொண்ணுக்கு இன்னும் அனா போட்டு வெட்டிக்கினு கீறாரு. கலையரசன்னு ஒருத்தன் கீறான்றதே மறந்து போச்சி போல!"

மாமியாரின் சிரிப்பு சட்டென்று நின்றது. அவருக்கு உறுத்தியது அந்த எழுத்து.

"அனாவா? இன்னா சம்மந்தி, அனாவா போட்டீங்க?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "பொட்டிக்குள்ள இருக்கறதுதான. யாரு தொறந்து பாக்கப் போறாங்கன்னு போட்டேங்க."

அதைக் கேட்ட அடுத்த நொடி எனக்கு ஒன்று உறைத்தது. நான் தமிழ்வாணனுக்கு நேராகப் போய் நின்றேன்.

"அண்ணா, எங்கப்பா பேரு வெட்டினேன்னுதான் சொன்னாரு. அனாவா கானாவான்னு சொல்லவே இல்லியே."

அவர் சிரிப்பு உதட்டில் மட்டும் மிச்சமிருந்தது. "அதும்மா, பொண்ணு பேருன்னா அப்பன் எழுத்துதான போடுவாங்க. பொதுவா சொன்னேன்."

"பொதுவாவா? இருங்க."

அடுக்களைக்குப் போனேன். குடத்தில் இருந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டினேன். குடம், குண்டான், மூன்று தட்டு, தூக்கு, அவருக்கென்று வஞ்சிரம் வறுத்து வைத்திருந்த தாம்பாளம்கூட, மீனை வேறு தட்டில் தள்ளிவிட்டு எடுத்து வந்தேன். ஒவ்வொன்றாகக் கூடத்தில் வைத்தேன். கொஞ்சம் ஓங்கித்தான் வைத்தேன்.

"பாருங்க. எல்லாத்துலயும் கானா. அத்தை சொல்லித்தான் கானா. இந்த வூட்ல அனான்னு வெட்டின ஒரு கரண்டிகூடக் கெடையாது. மூணு மாசமா இந்தத் தட்டுலதான் சாப்புட்றீங்க. அப்பறம் அனாவ எங்க பாத்தீங்க?"

தெருவில் ஒரு காரைப் பின்னால் வரச் சொல்லி யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்வாணன் தாம்பாளத்தைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். "கடையில நூறு பொருளு வருது போவுது. கலந்து போயிருக்கும்" என்றார்.

"ஆமா, கலந்து போயிருக்கும்" என்று மாமியார் உடனே பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ள இன்னா வேணும்னா செஞ்சாரு? மீன் ஆறுது, எல ஏதாச்சும் போடு."

"கலந்துச்சின்னா போன வாரம் எதுக்கு எங்கப்பாவ அட்டு சரக்கு வாங்கினாருன்னு சொன்னீங்க? எதுக்கு அவர இங்க வர வெச்சீங்க? இப்ப அவருகிட்ட சொல்லுங்க. தப்புன்னு ஒரு வார்த்த."

"சுஷ்மி, வுடு" என்றார் கலையரசன்.

"விடமாட்டேன்."

தமிழ்வாணன் சொல்லவில்லை. பைக் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். சுஜாதா அதுவரை சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். "நம்ம வூட்ல புதுசா மாட்னது எது?" என்று அவரிடம் மெதுவாகக் கேட்டாள். அவர் வாசலுக்குப் போனார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனாள். அந்தப் பார்வையில் புருஷன்மேல் இருந்த கோபத்தைவிட என்மேல் இருந்ததுதான் அதிகம்.

நான் மேஜைமேல் கிடந்த அந்த மட்டமான எஸ்.எஸ்.டி.யை எடுத்தேன். அடுக்களைக் கத்தியின் முனையால் அதன் முதுகில் 'தமிழ்வாணன்' என்று கீறினேன். இனிஷியல் போட இடமில்லை. வாசலுக்குப் போய் பைக்கின் டேங்க் கவரில் சொருகினேன்.

"இது உங்க பொருளு, அண்ணா. பேரு போட்டுக் குடுத்துட்டேன், இனிமே கலக்காது. எங்க பேரு போட்டது நாளைக்கு வரணும்."

அப்பா சாப்பிடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், என் தலையில் கையை வைத்தார், வண்டிக்குப் போய்விட்டார். வாழைத்தார் மூலையில் கிடந்தது. அதை மாமியார் அன்று சாயந்திரமே சீப்பு சீப்பாக அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, சம்மந்தி கொண்டுவந்தது என்று சொன்னார். அவ்வளவுதான் அந்த வீட்டிலிருந்து அவருக்குக் கிடைத்த மன்னிப்பு. அதை நான் மன்னிப்பில் சேர்க்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சுஜாதா தனியாக பஸ்ஸில் வந்தாள். உள்ளே வரவில்லை. ஒரு பாலித்தீன் பையை என் கையில் திணித்தாள்.

"காத்தால எழுந்து உப்புத்தாள் வெச்சி இத்த தேச்சிகினு கீறாரு. புடுங்கிக்கினு வந்தேன். போதுமா? எம்புருசன திருடனாக்கிட்ட. போதுமா ஒனக்கு?"

"காபி சாப்புடுங்க, அண்ணி."

"ஒங்காபிய நீயே குடி."

போய்விட்டாள். பையைப் பிரித்தேன். மேல் தகடு முழுக்கத் தேய்ந்து வெளுத்திருந்தது. 'மிதா' போயே போய்விட்டது. 'சுஷ்' மங்கலாகத் தெரிந்தது. முதல் எழுத்தை மட்டும் பாத்திரக்கடைக்காரர் நன்றாக அழுத்திப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார். அதை உப்புத்தாளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. விரலால் தடவினால் இன்னும் சொரசொரவென்று இருக்கிறது.

மாட்டினேன். மறுபடியும் முழுசாக நிரப்பிப் பார்த்தேன். பாதி வரைக்கும் நானூறுக்கு மேல். பாதிக்கு மேல் நூற்றைம்பது. அதற்குக் கீழே இறங்கவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"கெடச்சிச்சாம்மா?"

"கெடச்சிச்சுப்பா. நல்லா ஓடுது."

அப்பாவுக்கு அது போதவில்லை. "எழுத்து கீதா?"

"கீதுப்பா."

போனை வைத்தபோது மாமியார் பின்னால் நின்றுகொண்டிருந்தார். திறந்து கிடந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "அதான் தேஞ்சி போச்சே. அந்த அனாவையும் அழிச்சிட்டுக் கானா வெட்டிக்கயேன். பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?" என்றார்.

நான் ஸ்டூல் போட்டு ஏறி, சி.பி.யு.வின் பக்கவாட்டுத் தகட்டைப் பரணில் போட்டேன். பெட்டியைக் கூடத்துப் பக்கம் திருப்பி வைத்தேன். உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் கண்ணில் படுவது அந்த எழுத்துதான். ஞாயிற்றுக்கிழமை மீன் சாப்பிட உட்காருகிறவருக்கும் படும். கடலோரம், உப்புக்காற்று, மூடாமல் வைத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். எனக்குத் தெரியும். நான் மூடவில்லை.